இன்றைய உபயம்

கேட்டைத் தாண்டி உள்ளே போனதும் எதிரே ஒரு கரும்பலகை. மேலே ‘இன்றைய உபயம்’ என்று வெள்ளைப் பெயின்டில் அழியாதபடி எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். கட்டத்துக்குள் இருப்பது மட்டும் சாக்பீஸ். தினமும் அழித்து எழுதுவது. ஒரு குடும்பத்தின் பெயர், பக்கத்தில் காரணம்: பேரனுக்கு முதல் பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவுக்குத் திதி. பலகையில் எங்கே தேடினாலும் கிடைக்காதது, அங்கே குடியிருக்கிறவர்களில் ஒருவருடைய பெயர்.

உடுமலைப் பக்கத்து இல்லம் அது. பெயர் வேண்டாம், ஓர் இல்லத்தின் மேல் புகார் வாசிக்க நான் வரவில்லை. கணியூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். என் பெரியம்மா அங்கே இருந்தபோது, 2025 புரட்டாசி முழுக்க, வாரத்தில் மூன்று நாலு தடவையாவது போய் உட்கார்ந்திருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கும் போக்கவேண்டிய பொழுது நிறைய. போகும்போதெல்லாம் பலகையில் இருப்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று பிள்ளைகளைத் திட்டுகிறார்கள், இல்லாவிட்டால் சேவை செய்கிறவர்களைக் கும்பிடுகிறார்கள். அங்கே ஒரு மாதம் எப்படிப் போகிறது, அந்த மாதத்தை யார் வகுக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

புரட்டாசி தற்செயலாக அமைந்த மாதம். ஆனாலும் எடைபோட நல்ல மாதம். பெருமாள் சனிக்கிழமைகள் நாலு, மகாளய அமாவாசை, நவராத்திரி, ஆயுத பூஜை, எல்லாம் அதற்குள் வந்துவிடும். செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. மதியத்துக்கு மட்டும் மூன்று குடும்பம் வந்து நின்றது. ஒரே வயிற்றில் மூன்று பந்தி போட முடியாது. ஆகவே ஒரு வீட்டாரின் வடை பாயசம் மதியத்துக்கு, இன்னொரு வீட்டாரின் சர்க்கரைப் பொங்கல் நாலு மணிக்கு, மூன்றாவது வீட்டாரின் லட்டு ஆளுக்கு இரண்டு கையில் என்று நிர்வாகி பிரித்துவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் சொல்லவில்லை. மறைந்த முன்னோரின் பசி ஆறட்டும் என்று உயிரோடு இருக்கிற முதியவருக்குச் சோறு போடுகிறோம். சாப்பிடுகிறவருக்கு இது புரியாமல் இல்லை. “செத்தவங்களுக்குப் பதிலு நாம உக்கோந்துக்கறோம்” என்று பெரியம்மா சொல்லிச் சிரித்தார்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். ஐக்கிய நாடுகள் சபை 1990-இல் தீர்மானம் போட்டு, 1991 முதல் கொண்டாடிவருவது. 2025-இல் ஆயுத பூஜையும் அதே நாளில் விழுந்தது. மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து முடித்த ஒரு பனியன் கம்பெனியிலிருந்து வேனில் வந்து, ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். பொரி, கடலை, ஓர் ஆப்பிள், ஸ்வீட், ஒரு டி-ஷர்ட். பல் இல்லாதவர்களுக்குப் பொரியும் ஆப்பிளும். பெரியம்மா பொரியை டீயில் கொட்டி ஊறவைத்துக்கொண்டார். பிறகு அந்த டி-ஷர்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினார். கட்டை விரலைத் தோள் தையலில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்க தையல் விட்டுருக்குது பாரு. செகண்ட்ஸ் துணி. செக்கிங்ல நானா இருந்தா இதப் பாஸ் பண்ணிருக்க மாட்டேன் கண்ணு.” திருப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல் செக்கிங் டேபிளில் நின்ற விரல் அது. வேனில் வந்த பையன்கள் அதற்குள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து போட்டோ எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். “பாட்டி, இங்க பாருங்க பாட்டி.” அங்கே எல்லாப் பெண்களுக்கும் ஒரே பெயர்தான்.

மாலையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். ஸ்பீக்கர் சத்தத்துக்கு இரண்டு பேர் எழுந்து உள்ளே போகப்பார்த்தார்கள். பிள்ளைகள் மனசு நொந்துபோகும் என்று உட்காரவைத்தார்கள். பிள்ளைகளின் மனசைப் பற்றிய அந்தக் கவலை நியாயம்தான்.

அடுத்த வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பலகையில் கட்டங்கள் காலி. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஒன்பது மணிக்குப் போனபோது வராந்தாவில் பெண்கள் தலை சீவி, துவைத்த சேலை கட்டி, கையில் பழைய சீட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாதத்தின் முதல் செவ்வாய். பிரஷர் பார்க்க நர்ஸம்மா வருகிற நாள். அவர் ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். போன மாதம் எவ்வளவு இருந்தது என்று நினைவு வைத்திருப்பார். “உப்பக் கொறைங்கன்னு சொன்னனுங்களே” என்று திட்டுவார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முடி திருத்துகிறவர் வருவார். அன்று ஆண்கள் பக்கம் திருவிழா. மீசையை எப்படி விடுவது என்று ஒரு பெரியவர் கால் மணி நேரம் விவாதித்ததைப் பார்த்தேன். பலகையில் இந்த இரண்டு நாளும் இல்லை, ஏனென்றால் இவை உபயம் கிடையாது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் என் எடைக்கற்களை வைக்கிறேன். நல்ல நாள், கெட்ட நாள் என்று பிரிப்பதற்கு வந்த சாப்பாட்டின் தரமோ வந்தவர்களின் மனசோ அளவுகோல் ஆகாது. வரப்போவது முன்கூட்டித் தெரியுமா, வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது ஒன்று. அடுத்த மாதமும் வருமா என்பது இன்னொன்று.

இது என் ஊகம் மட்டும் இல்லை. எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் செய்து 1976-இல் வெளியிட்ட பரிசோதனை பிரசித்தம். ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு தொட்டிச் செடி கொடுத்து, ‘தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு, சினிமா எந்த நாள் பார்ப்பது என்பதும் உங்கள் முடிவு’ என்றார்கள். இன்னொரு மாடியில் அதே செடி, நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள். அதே சினிமா, நாளை இல்லம் முடிவு செய்யும். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாக மாறினார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் மாடியில் 47 பேரில் 7 பேர் இறந்திருந்தார்கள், அடுத்ததில் 44 பேரில் 13 பேர். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன் புள்ளியியல் கணிப்பில் பிழை இருந்தது என்று 1978-இல் திருத்தம் வந்ததையும், திருத்திய பிறகு அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்பதையும் பலர் சொல்வதில்லை. ஒரே இல்லம், சிறிய எண்ணிக்கை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆயுள் கூடும் என்று நான் வாதாட மாட்டேன். முகம் மலர்ந்தது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நமக்கு இன்னும் பொருந்துவது அதே 1976-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் வெளியிட்ட ஆய்வு. இல்லத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கக் கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் அனுப்பினார். ஒரு குழுவுக்கு, எப்போது வருவது, எவ்வளவு நேரம் இருப்பது என்பதை முதியவரே சொல்வார். இரண்டாவது குழுவுக்கு முன்கூட்டித் தகவல் மட்டும் வரும். மூன்றாவது குழுவிடம் மாணவர்கள் திடீரென்று போய் நிற்பார்கள். நாலாவது குழுவுக்கு யாரும் வரமாட்டார்கள். முதல் இரண்டு குழுவும் தேறின. திடீர் விருந்தாளி வந்த குழுவோ யாருமே வராத குழுவைவிட அப்படியொன்றும் மேலாக இல்லை. நம் பலகையின் மேல் இதைப் பொருத்திப் பாருங்கள். காலையில் எழுதப்பட்டு மதியம் வந்து நிற்கிற குடும்பம், அந்த அளவில், வராத குடும்பத்துக்குச் சமம்.

கதை அதோடு முடியவில்லை. ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் பிறகு அதே முதியவர்களைத் தேடிப்போய்ப் பார்த்து 1978-இல் எழுதினார்கள். மாணவர் வருகை நின்றபின், முன்பு தேறிய இரண்டு குழுவும் சரிந்திருந்தன. மற்ற இரண்டும் இருந்தபடியே இருந்தன. ஒருவருக்கு எதிர்பார்ப்பைப் பழக்கிவிட்டு நிறுத்துவது, பழக்காமல் விடுவதைவிடக் கொடுமையாக முடியலாம். இதைப் படித்த நாளிலிருந்து, ‘மாதாமாதம் வருவோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மாதத்தில் மறந்துபோகிற இளைஞர் குழுக்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவனையும் உடுமலை அமாவாசைச் சோற்றையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். நாடு வேறு, காலம் வேறு. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வராந்தாவில் சீவிய தலைகளைப் பார்த்தவன் நான். அங்கே ஷுல்ஸ் தப்பாகத் தெரியவில்லை.

இனி உபயக்காரர்கள் பக்கத்து நியாயம். அதைக் குறைத்து எடைபோட்டால் இந்தத் தீர்ப்பே கோணலாகிவிடும். சோறு போடுவது இந்த ஊர்ப் பழக்கத்தில் நேற்று வந்த விளம்பரம் இல்லை. சென்னை ராயபுரத்தில் இன்றும் முதியோர் இல்லமாக இருக்கிற மணியக்காரர் சத்திரம் 1782-இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. வெள்ளைக்காரன் வாயில் ‘மோனிகர்’ ஆனது அந்த மணியக்காரர்தான். சாவித்திரி வைத்தி 1978-இல் விச்ராந்தி முதியோர் இல்லத்தைத் தொடங்கியபோது, ஆதரவற்ற முதிய பெண்களுக்காகப் பின்னால் நின்றது பெருநிதி எதுவும் இல்லை. ‘மண்டே சாரிட்டி கிளப்’ என்று திங்கட்கிழமைகளில் கூடிய பெண்கள். தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் என்று ஒன்று நின்றிருப்பதே இப்படிப்பட்ட கைகளால். அரசு முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஒருவருக்கு அதில் ஒரு மாதச் சோறு கூட ஆகாது. ஆகவே உபயம் வேண்டாம் என்று சொல்கிறவர், அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அடுப்பு எதன்மேல் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் விடவும் முடியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது. நிர்வாகி பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, “தீபாவளிக்கு எத்தனை பேரு வருவாங்கன்னு தெரியலீங்க” என்றார். நியூயார்க்கில் ஒரு கடைக்காரர் பனியன் வாங்காமல் விட்டால் உடுமலையில் ஒரு பலகை காலியாகும். உபயத்தின் பெரிய குறை இரக்கத்தில் இல்லை. அதை நம்பி ஒரு மாதம் வகுக்க முடியாது என்பதில்.

பெரியம்மா ஏன் அங்கே போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மகன் கெட்டவன் இல்லை. திருப்பூரில் லைன் வீடு. ஒரு ரூம், ஒரு சமையல் கட்டு, பொதுக் கக்கூஸ். அவனும் மனைவியும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால்தான் வாடகை. இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பெண்ணைப் பன்னிரண்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் விடுவதா, இல்லத்தில் விடுவதா? கணியூரில் பழைய வீடு இருக்கிறது, வாசலில் திண்ணை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் இந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்கவில்லை. அதன் கண்ணில் முதுமை என்பது பிள்ளை செய்த குற்றம். வருவாய்க் கோட்ட அளவில் தீர்ப்பாயம் (கணியூர்க்காரர்களுக்கு உடுமலை), மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரக்கமற்ற பிள்ளைகளுக்கு இவை தேவைதான். ஆனால் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவனிடம் தீர்ப்பாயம் எதை வாங்கும்? இல்லங்களைப் பற்றிப் பேசுகிற 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியவர்கள் 150 பேராவது தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. அமைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இல்லங்களின் தரத்தை வகுக்கும்போது அதே பிரிவு இரண்டே விஷயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: மருத்துவக் கவனிப்பு, பொழுதுபோக்குக்கான வழிகள். அதாவது உடம்புக்கு மாத்திரை, மனசுக்கு டிவி. ஓர் ஆள் எழுபது வயதுக்குமேலும் ஒரு நாளைத் தானே நடத்துவார் என்ற எண்ணம் அந்த வரியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே 2024-இல் அந்த மக்களவையோடு காலாவதியானது.

அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே அரசுப் பணம் பெறுகிற நர்சிங் ஹோம் ஒவ்வொன்றும் குடியிருப்பவரின் விருப்பத்துக்கு ஏற்ற செயல்பாடுகளை நடத்தியே தீரவேண்டும். அதனால்தான் அந்த ஊர் இல்லங்களின் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. திங்கள் பாட்டு, செவ்வாய் பிங்கோ, புதன் கைவேலை. இதிலும் மயங்கவேண்டாம். கட்டங்களை நிரப்புவதே வேலையாகிப்போனால் முதியவர் கட்டத்துக்குள் போடுகிற காய்தான். நம் ஊரில் வயதானவர்கள் செய்துவந்த பெரிய ‘செயல்பாடு’ திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த பஸ் லேட் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைச் சும்மா இருப்பது என்று சொல்கிறவர்களுக்கு ஊரைத் தெரியாது. உடுமலை இல்லத்தில் காம்பவுண்டுச் சுவர் ஆள் உயரம், கேட் தகரம் அடைத்தது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். உள்ளே இருந்து ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தம் கேட்கும், பஸ் தெரியாது.

நான் எடைக்கல்லாக வைத்த இரண்டு கேள்வியிலும் முழு மதிப்பெண் வாங்குகிற இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கோயம்புத்தூரைச் சுற்றி இருபது வருஷமாக வளர்ந்திருக்கிற ஓய்வுக்கால வீடுகள். கோவை கேர், நானா நானி என்று பெயர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் தெரியும். வீட்டுக்காரர்களே குழு வைத்து முடிவு செய்கிறார்கள். யோகா, பஜனை, தம்போலா, கோயில் பயணம், போகவேண்டாம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் இவற்றுக்கு மாதிரி வழிகாட்டுதல்கூட வெளியிட்டது. அங்கே சுயமரியாதை என்பது விலையோடு சேர்ந்து வருகிறது. பிஎஃப் பிடித்தமே இல்லாமல் இருபது வருஷம் செக்கிங் செய்த பெண்ணுக்கு அந்த வாசல் எந்தக் காலத்திலும் திறக்காது. அவற்றைக் குறை சொல்லவில்லை; காசு கொடுக்கிறவரைக் கேட்டு முடிவு செய்ய முடியும் என்றால், காசு கொடுக்காதவரையும் கேட்க முடியும் என்பதற்கு அவை சாட்சி. கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இதைவிடச் சிக்கலானது வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில், முடிந்தவர்கள் முடிந்த வேலையைச் செய்வது வழக்கம். நான் இதை உடுமலையில் சொன்னபோது நிர்வாகி ஒரு யோசனை சொன்னார்: பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையை வாங்கி வந்து கொடுத்தால் என்ன? உட்கார்ந்தே செய்யலாம், சிறு கத்தரிக்கோல் போதும், பல பெண்களுக்குப் பழக்கமான வேலை. பெரியம்மாவின் கட்டை விரல் தோள் தையலில் ஓடியதைப் பார்த்தவனுக்கு உடனே ‘ஆகா’ என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பீஸ் ரேட்டில் கணக்குப் போடுகிற ஊர் இது. மலிவாக ஆள் கிடைக்கிற இடத்தை இந்த ஊர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும். முதியோர் இல்லம் ஜாப்ஒர்க் யூனிட் ஆவதற்கு ஆறு மாதம் போதும். பெரியம்மாவையே கேட்டேன். “காசு கையில குடுப்பாங்களா?” என்றார். அப்புறம், “முடியலைன்னா விட்டுரலாமா?” என்றார். அவருக்கு எந்த உளவியல் ஆய்வும் தெரியாது. நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்ததை இரண்டு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். கூலி அவரவர் கைக்கு வரும், நிறுத்துகிற உரிமையும் இருக்கும் என்றால் வேலை தேறும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது உபயத்தைவிட மோசம். உபயத்தில் வாங்குகிறவர் கடன்படுகிறார்; இங்கே கொடுத்தும் கடன்படுவார்.

எண்ணிக்கையைச் சொன்னால் அவசரம் புரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். 2031-இல் அது 18-ஐத் தாண்டும் என்று அரசுக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து நாம். 2025-26 பட்ஜெட்டில் மாநில அரசு 10 கோடி ரூபாயில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களை அறிவித்தது. திருப்பூரும் பட்டியலில் உண்டு. தினமும் அதே இடம், அதே முகங்கள், சாயங்காலம் சொந்த வீடு. என் இரண்டு கேள்வியிலும் இது இல்லங்களை முந்துகிறது. தடுக்குவது ஓரிடத்தில்: மையம் பகலுக்கு, ஒன்றரை ஷிப்ட் முடிவதோ ராத்திரி எட்டரைக்கு. நடுவில் இருக்கிற அந்த நேரத்துக்குத்தான் பெரியம்மா இல்லத்தில் இருந்தார். பெருநகரங்களோடு நின்றுவிட்டால் கணியூர் போன்ற பேரூராட்சிக்கு அது பேப்பர் செய்தி மட்டும்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தின் சோறு தேறுகிறது. அதன் மாதம் தேறவில்லை. உபயக்காரர்களின் மனசைச் சந்தேகிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களுடைய காலண்டரை இல்லத்தின் காலண்டராக ஒப்புக்கொண்ட நிர்வாகத்தையும், இல்லத்துக்குத் தரம் வகுக்காமல் விட்ட அரசையும் தப்பவிட முடியாது. சரிசெய்வதில் பெரிய செலவுள்ள காரியம் கொஞ்சம்தான். வாரத்தின் பலகையை ஞாயிற்றுக்கிழமையே எழுதவேண்டும். வருகிறவர்கள் ஹாலுக்கு வரலாம். யாரும் ஹாலுக்கு வந்தே ஆகவேண்டும் என்பது கூடாது. பிறந்தநாள்காரர் கேசரி செய்யச் சொன்னாலும், என்ன சமைப்பது என்பதை அங்கே சாப்பிடுகிற இரண்டு பேர் முடிவு செய்யட்டும். ஒரு நாள் பெரிய விருந்துக்குக் கொடுக்கிற தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று தெரியவில்லை, போட்டோ வராதே. கேட்டில் இருக்கிற தகரத்தை எடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்து ஒரு பெஞ்சு போடவேண்டும். மறதி நோயில் இருப்பவரிடம் என்ன கேட்டு என்ன முடிவு செய்வது என்பார்கள். அவருக்குத்தான் ஒரே முகம், ஒரே நேரம் இன்னும் அவசியம். நர்ஸம்மா பெயரை மறந்தவர்கள்கூட அவர் வருகிற செவ்வாயை மறக்கவில்லை.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்த சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது பெரியம்மா கேட்டார்:

“நாளைக்கு யாருன்னு எழுதிருக்குதா கண்ணு?”

பலகையைப் போய்ப் பார்த்தேன். அன்றையதை அழித்திருந்தார்கள், நாளையதை எழுதவில்லை.

“இன்னும் எழுதலீங் பெரியம்மா.”

“எழுதினா போன் பண்ணிச் சொல்லச் சொல்லு. சீலை மாத்திக்கோணுமில்ல.”